கனடியக் குடியுரிமை: ஒன்லைனில் போட முன் கேளுங்கோ

பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) உள்ளவர்கள் கனடியக் குடியுரிமைக்கு ஒன்லைனில் விண்ணப்பிப்பது பற்றி இன்று இரவு ஒன்பது மணிவரை கேட்கலாம். ஸ்காபரோவில் பன்னிரண்டு வருடமாக ஆக்களுக்கு இந்தப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கேள்வியோடு உங்கள் வயதையும் பி.ஆர். எந்த வழியால் கிடைத்தது என்பதையும் எழுதுங்கோ. பெயர், ஃபைல் நம்பர் எழுத வேண்டாம்.

மார்க்கம், 27 வயது: அக்கா, படிக்க வந்து இரண்டு வருசத்தில பி.ஆர். கிடைச்சுது. நான் எப்ப போடலாம்?

தம்பி, அனுப்பும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1095 நாள் நீங்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். கிடைத்த பிறகு வரும் ஒவ்வொரு நாளும் முழு நாள். அதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள், ஆனால் அப்படிச் சேர்வது 365க்கு மேல் போகாது. இரண்டு வருடம், அதாவது 730 நாள், வெளியே போகாமல் படித்திருந்தால் 365 கையில் இருக்கிறது. மிச்சம் 730 நாளை பி.ஆர். ஆக இருந்து நிரப்ப வேண்டும்.

பயணங்களைக் கழிக்கும்போது வெளிக்கிட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாளாகவே கணக்கு. ஜூலை 1 வெளிக்கிட்டு 31 திரும்பினால் கழிவது 29 நாள். அரசாங்கத்தின் தளத்திலேயே நாள் கணக்குப் பார்க்கும் கருவி இருக்கிறது, விரலில் எண்ணாதேங்கோ. 1095ஐத் தொட்ட அன்றே அனுப்பவும் வேண்டாம். ஒரு பயணத்தின் திகதி இரண்டு நாள் பிசகினாலே விண்ணப்பம் விழுந்துவிடும். இரண்டு மூன்று கிழமை கூட இருக்கட்டும்.

பிக்கரிங்: பஃபலோவுக்குச் சாமான் வாங்கக் காலமை போய்ப் பின்னேரம் வந்ததெல்லாம் எழுத வேணுமோ?

எழுதுங்கோ. அதனால் ஒரு நாளும் கழியாது. ஆனால் நீங்கள் எல்லை கடந்த பதிவு எல்லைச் சேவை முகமையிடம் இருக்கிறது, குடிவரவு அலுவலர் அதைப் பார்க்கலாம். உங்கள் பட்டியலும் அவர்களுடைய பட்டியலும் ஒத்துப்போக வேண்டும்.

மிசிசாகா: பி.ஆர். கார்ட் முடிஞ்சுபோச்சு. புதுப்பிச்சாப் பிறகோ போட வேணும்?

இல்லை, குடியுரிமைக்கு அது தடை இல்லை. இடையில் வெளிநாடு போய்த் திரும்பி விமானம் ஏறத்தான் கார்ட் வேணும்.

ஸ்காபரோ, மகள் எழுதுவது: அம்மாவுக்கு 54 வயசும் எட்டு மாசமும். நாள் கணக்குச் சரி. ஆனா இங்கிலீஷ் வராது. வகுப்புக்குப் போகச் சொன்னா அழுகிறா.

தங்கச்சி, அம்மாவை அழ வைக்காதேங்கோ. மொழிச் சான்றும் குடியுரிமைச் சோதனையும் 18 முதல் 54 வயது வரையானோருக்கு மட்டும். பார்ப்பது விண்ணப்பம் போடும் நாளில் உள்ள வயதை. நாலு மாதம் பொறுத்து, 55ஆவது பிறந்தநாள் கழிந்த பிறகு போடுங்கோ. இரண்டும் தேவைப்படாது. இது தெரியாமல் அவசரப்பட்டுப் போட்டுச் சோதனையில் தடுமாறிய அம்மாமார் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பிராம்ப்டன்: அக்கா, நான் கோயம்புத்தூர்ங்க. இன்ஜினியரிங் அங்கதான் படிச்சேன். ஐ.ஈ.எல்.டி.எஸ். எக்ஸ்பயர் ஆயிடுச்சு. திரும்ப எழுதணுமா? இந்தியன் பாஸ்போர்ட் என்ன ஆகும்?

எழுத வேண்டாம். காலாவதியான பெறுபேற்றையும் குடியுரிமைக்கு ஏற்கிறார்கள். கேட்பதே கனடிய மொழி அளவுகோலில் நாலாம் நிலைப் பேச்சும் கேட்டலும்தான். ஆங்கில வழியில் படித்த பட்டமும் சான்றாகும், ஆனால் மதிப்பெண் பட்டியலில் ஆங்கில வழி என்று இல்லாவிட்டால் கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ.

பாஸ்போர்ட் விஷயத்தில் கவனமாக இருங்கோ. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இங்கே சத்தியப்பிரமாணம் எடுத்தவுடன் அங்குள்ள குடியுரிமை போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யவே கூடாது. ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, வேண்டுமானால் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்குப் போடுங்கோ. ஊரில் கலியாணம் கிலியாணம் இருந்தால் சத்தியப்பிரமாணத் திகதியோடு இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஸ்காபரோ, 44 வயது: அக்கா, நான் அகதிக் கேஸ் வெண்டு பி.ஆர். எடுத்தனான். வேலை வேலையெண்டு குடியுரிமைக்குப் போடேல்லை. இப்ப அம்மாக்கு யாழ்ப்பாணத்தில கடுமை. இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்து வைச்சிருக்கிறன். போய்ப் பார்த்திட்டு வந்து போடவோ?

தம்பி, போகாதேங்கோ. இதை எழுத எனக்கு மனம் பொறுக்கவில்லை, ஆனாலும் போகாதேங்கோ.

அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர், தான் பயந்து ஓடிவந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மீண்டும் நாடினார் என்று கண்டால், அந்த ஏற்பை நீக்கும்படி அரசாங்கம் கேட்கலாம். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுப்பதே அதற்கு ஓர் அடையாளம். அதில் அந்த நாட்டுக்கே போய்வந்தால் இன்னும் பலமான அடையாளம். 2012 டிசம்பருக்கு முன் இதனால் பி.ஆர். போகாது. அந்த மாதம் சட்டம் மாறியது. இப்போது அகதி ஏற்பு இப்படி நீங்கினால் பி.ஆர். உம் அதோடு சேர்ந்து போகும். மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை, கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், அவ்வளவுதான். இருபது வருடம் இருந்தேன், வீடு வாங்கினேன், பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள் என்பதெல்லாம் பி.ஆர்.ஐத் தானாகக் காப்பாற்றாது. குடியுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயம் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் தொண்டை கிழியச் சொல்கிறேன்: கேஸ் வென்று வந்தவர்கள் நாள் கணக்கு நிரம்பியதும் முதல் வேலையாகக் குடியுரிமைக்குப் போடுங்கோ, ஊர் பிறகு.

ஏஜக்ஸ்: தங்கச்சி, சும்மா சனத்தை வெருட்டாதேங்கோ. என்ர மச்சான் மூண்டு தரம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போட்டு வந்தவர். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. 2009இல சண்டையும் முடிஞ்சுது. பயம் இல்லையெண்டாப் போறது என்ன குற்றம்?

அண்ணை, குற்றம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் ஒருவரின் அகதி ஏற்பு நீங்கினால், அதனால் பி.ஆர். போகாது. சட்டம் அதைத் தனியாக விட்டு வைத்திருக்கிறது. பி.ஆர்.ஐக் கொண்டுபோவது அவர் தானாகச் செய்த காரியம்: பாஸ்போர்ட் எடுத்தது, போனது, அங்கே மறுபடி குடியிருந்தது. ‘சண்டை முடிந்தது, அதனால் போனேன்’ என்று அலுவலரிடம் சொன்னால் அது மச்சானுக்கு எதிராகவே நிற்கும். மூன்று தரம் கேட்கவில்லை என்பது நாலாம் தரம் கேட்கமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏஜக்ஸ்: அப்ப தாய் தேப்பன் செத்தாலும் போகக் கூடாதோ? இது என்ன சட்டம்?

கொடுமையான சட்டம்தான் அண்ணை. செத்தவீட்டை ஃபோனில் பார்த்து அழுத ஆக்களோடு பக்கத்தில் இருந்திருக்கிறேன். 2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் இளக்கியது: அவர் எதற்காகப் போனார், இதனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியுமா, அங்கே ஒளித்து இருந்தாரா என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்றது. ஆனால் அது வழக்கு வந்த பிறகு வாதாட உதவுவது. வழக்கே வராமல் இருக்க வழி, முதலில் குடியுரிமை.

பெயர் சொல்லாதவர்: நானும் கேஸிலதான் வந்தனான். ரெண்டு தரம் ஊருக்குப் போய் வந்தனான். இப்ப குடியுரிமைக்குப் போட்டாப் பிடிபடுவனோ? அந்தப் பயணத்தை விட்டிட்டுப் போடலாமோ?

விடாதேங்கோ. ஒளித்தது தெரிந்தால் பொய்த்தகவல் ஆகும், ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒளிக்காமல் போட்டாலும் அகதி ஏற்பை நீக்கும் நடவடிக்கை தொடங்கினால் விண்ணப்பத்தை இடையில் நிறுத்தி வைக்கலாம். இரண்டு பக்கமும் ஆபத்து என்பதால், அனுப்பு பொத்தானை அமத்த முன் அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணித்தியாலம் இருங்கோ. காசு இல்லையென்றால் ஒன்ராறியோ சட்ட உதவிக்கு அழைத்துக் கேளுங்கோ. இதற்கு மேல் உங்கள் விஷயத்தை இங்கே எழுத வேண்டாம்.

வாகன்: எத்தனை நாள் இருக்க வேணும்?

1095. மார்க்கம் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கோ.

ஒஷாவா: அகதிக் கோரிக்கை போட்டிட்டு இருந்த மூண்டு வருசமும் அரை நாளாச் சேருமோ?

சேராது. ஏற்றுக்கொண்ட தீர்ப்பு வந்த நாளிலிருந்து பி.ஆர். வரைக்கும் உள்ளதுதான் அரை நாள்.

ஸ்காபரோ: ஒரு ஆள் 800 டொலர் தந்தா எல்லாம் தான் பாக்கிறன் எண்டுறார். ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேக்கிறார். கையெழுத்தும் தானே போடுவாராம்.

குடுக்காதேங்கோ. காசு வாங்கி இந்த வேலை செய்ய உரிமை உள்ளவர் வழக்கறிஞர், உரிமம் பெற்ற சட்டத் துணைவர், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர். ஆலோசகரின் உரிமத்தை ஒன்லைனில் தேடிப் பார்க்கலாம். உரிமம் இல்லாத ஆள் பிழை விட்டாலும் கையெழுத்து உங்கள் பெயரில், பொய்யும் உங்களுடையதாகும். ஒரு குடும்பத்துக்கு இப்படி ஒருவர் போட்டுக் கொடுத்ததில் இரண்டு பயணம் விடுபட்டிருந்தது. அவர் ஃபோனையும் மாற்றிவிட்டார். விளக்கக் கடிதம் எழுதி நிமிர அவர்களுக்கு ஒன்றரை வருடம் போனது. வயது வந்தவருக்குப் பரிசீலனைக் கட்டணம் 530 டொலரும் குடியுரிமை உரிமைக் கட்டணமும், பிள்ளைக்கு 100. அதை நீங்களே கார்டில் கட்டலாம்.

மார்க்கம்: என்ர பாஸ்போர்டில அப்பாவின்ர பேர்தான் குடும்பப் பேர். சான்றிதழில மாத்தலாமோ?

இந்தப் படிவத்தால் மாற்றேலாது. உங்கள் பி.ஆர். ஆவணத்தில் உள்ள பெயரே சான்றிதழில் வரும். ஒன்ராறியோவில் சட்டப்படி பெயரை மாற்றி, அந்தத் தாளோடு போடுங்கோ.

லண்டன், ஒன்ராறியோ: சோதனை கஷ்டமோ?

20 கேள்வி, 15 சரி. ‘டிஸ்கவர் கனடா’ கையேடு இலவசம், அதுக்குள் இருந்துதான் வரும். இரண்டு தரம் வாசியுங்கோ.

ஹமில்டன்: எத்தனை நாள் வேணும், ஐஞ்சு வருசத்தில?

மேலே இரண்டு தரம் இருக்கிறது.

ஏஜக்ஸ்: தங்கச்சி, மச்சானுக்கு இப்ப சொன்னன். வழக்கறிஞரிட்டப் போறாராம்.

நல்லது அண்ணை. பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொல்லுங்கோ, காலாவதியானதையும் சேர்த்து.

ஸ்காபரோ, 44 வயது: அக்கா, அப்ப அம்மாவைத் திருச்சிக்குக் கூப்பிட்டுப் பாக்கலாமோ?

பார்க்கலாம் தம்பி. ஆனால் அந்த இலங்கைப் பாஸ்போர்ட்டில் இல்லை, இந்தியாவுக்கும் அதைப் பாவிக்காதேங்கோ. கனடா தரும் அகதிப் பயண ஆவணத்துக்குப் போடுங்கோ. இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்கு அது செல்லும். அதில் இந்திய விசா எடுக்க நேரம் பிடிக்கும், நாளைக்கே தொடங்குங்கோ. அம்மா விமானத்தில் வரலாமா என்று டொக்டரிடம் கேட்கட்டும். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்ததைப் பற்றி இந்தக் கிழமையே வழக்கறிஞரிடம் சொல்லி, அவர் சரி என்றால் பயணத்துக்கு முன் குடியுரிமை விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கோ. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.