ஆள் கணக்கு வெச்சு மொழிக்கு மார்க் போடலாமா?

கேள்வி: உலகத்துல 7000 மொழி இருக்குன்னு சொல்றாங்க, அதுல முக்கால்வாசி யாருக்கும் பேர்கூட தெரியாது. தகுதி இருக்கற மொழி வளருது, இல்லாதது அழியுது, இதுதானே இயற்கை? இதுக்கு எதுக்கு இவ்ளோ புலம்பல்? எல்லாரும் ஒரே மொழி பேசிட்டா உலகத்துல பாதி சண்டை தீர்ந்துடும். டாப் டென் மொழி லிஸ்ட் போட்டு இது போதும்னு எழுத உங்களுக்கு தைரியம் இருக்கா?

பதில்: லிஸ்ட் போட தைரியம் எதுக்குங்க, யாரை எல்லாம் எண்ணணும்னு ஒரு முடிவு எடுத்தா போதும். அந்த முடிவுலதான் சிக்கலே. தாய்மொழியா பேசறவங்கள மட்டும் எண்ணினா மாண்டரின் முதல்ல, ஸ்பானிஷ் ரெண்டாவது, இங்கிலீஷ் மூணாவது. ஸ்கூல்ல படிச்சவங்க, வேலைக்காக கத்துக்கிட்டவங்க எல்லாரையும் சேர்த்தா இங்கிலீஷ் சுமார் 150 கோடி பேரோட முதலிடத்துக்கு போயிடும், ஆனா அதுல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்குத்தான் அது வீட்ல பேசற மொழி. சரி, ஹிந்திய எங்க வைப்பீங்க? 2011 சென்சஸ்படி 52 கோடிக்கு மேல. உள்ள போய் பாருங்க, என் தாய்மொழி ஹிந்தின்னு சொன்னவங்க 32 கோடி பேர்தான், மிச்சமெல்லாம் போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹின்னு ஐம்பதுக்கு மேற்பட்ட பேச்சுகள ஹிந்திங்கற தலைப்புக்கு கீழ கூட்டினது. அதே சென்சஸ்ல மக்கள் தாய்மொழின்னு சொன்ன பேரு 19,569. அத சலிச்சு எடுத்தா 1,369 வந்துச்சு, அதுலயும் 10,000 பேருக்கு குறையாம பேசற 270ஐ எடுத்து 121 மொழிக்குள்ள அடக்கிட்டாங்க. சீனாவுல இதே கதை வேற மாதிரி, மாண்டரின் பேசறவருக்கு கான்டனீஸ் காதுல விழுந்தா ஒண்ணும் புரியாது, ஆனா ரெண்டுக்கும் பொதுவா சீன மொழின்னு பேரு. நார்வேக்காரரும் ஸ்வீடன்காரரும் அவங்கவங்க மொழியிலயே பேசி பெரும்பாலும் சமாளிச்சிடுவாங்க, அது ரெண்டு மொழி. அதனால அந்த 7000ங்கறதே எங்க கோடு போடறாங்கங்கறத பொறுத்து கூடும் குறையும்.

இன்னொண்ணு, கோபப்படாதீங்க. எப்படி எண்ணினாலும் தமிழ் அந்த டாப் டென்ல வராது. உங்க லிஸ்ட் போதும்னா இந்த கேள்விய எந்த மொழில எழுதியிருப்பீங்க?

இப்ப தகுதி விஷயத்துக்கு வரேன், எனக்கு நிஜமாவே எரிச்சல் வந்தது இங்கதான். 1600 வாக்குல இங்கிலாந்தோட ஜனத்தொகையே சுமார் 40 லட்சம், அந்த தீவ தாண்டினா இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள தேடித்தான் பிடிக்கணும். அப்ப அதுக்கு தகுதி இல்லாம இருந்து அப்புறமா இலக்கணத்துல ஏதாவது தகுதி வந்து சேர்ந்துச்சா? கப்பல் போச்சு, வியாபாரம் போச்சு, பின்னாடியே பட்டாளம் போச்சு. போர்ச்சுகல்ல இன்னைக்கும் ஒரு கோடி பேர்தான், ஆனா போர்ச்சுகீஸ் உலகத்துல பெரிய மொழி, காரணம் பிரேசில்ல இருக்கற 20 கோடி பேர், அவங்க யாரும் இந்த மொழியோட அழகுல மயங்கி மாறினவங்க பரம்பரை இல்ல.

அழியற பக்கமும் அப்படித்தான். காகசஸ் மலைப்பக்கம் கருங்கடல் ஓரத்துல உபிக்னு ஒரு மொழி இருந்துச்சு. மெய்யொலி மட்டும் 80க்கு மேல, நமக்கு இருக்கறது 18, யோசிச்சு பாருங்க. 1864ல ரஷ்யப் படை அந்த ஜனங்கள ஊரோட கிளப்பி விட்டுச்சு, ஒட்டோமான் நாட்டுக்கு (இன்னைக்கு துருக்கி இருக்கற பக்கம்) போய் அங்கங்க சிதறி, பிள்ளைங்க வேற மொழிக்கு மாறி, கடைசியா அத சரளமா பேசத் தெரிஞ்ச டெவ்ஃபிக் எசென்ச் 1992ல துருக்கில செத்துப்போனார். அந்தமான்ல 1858ல பிரிட்டிஷ்காரங்க கைதிகளுக்கு குடியிருப்பு போட்டதுக்கு அப்புறம் தட்டம்மையும் சிஃபிலிஸும் பரவி, ஆயிரக்கணக்குல இருந்த கிரேட் அந்தமானியர்ங்கற பழங்குடி ஜனங்க சில பத்து பேரா குறைஞ்சாங்க. அவங்களோட மொழிக் குடும்பத்துல (ஒரே மூல மொழியில இருந்து பிரிஞ்ச மொழிகள குடும்பம்னு சொல்வாங்க) 'போ'ன்னு பேர் உள்ள மொழிய பேசின கடைசி ஆள், போவா சீனியர்னு சொல்லப்பட்ட பாட்டி, 2010 ஜனவரில இறந்தாங்க. கடைசி காலத்துல அவங்க மொழில பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது. தட்டம்மை வந்து ஊர் காலியானத இயற்கைத் தேர்வுன்னு எழுத எனக்கு கை வராது, நீங்க வேணா எழுதிக்குங்க.

ஆள் கம்மியா இருந்தா மொழி தானா செத்துடும்னும் கிடையாது. ஐஸ்லாண்டிக் பேசறவங்க நாலு லட்சம் பேருக்கு உள்ளதான், ஆனா ஸ்கூல், கோர்ட், பத்திரிகை எல்லாம் அந்த மொழியில நடக்குது, அதுல எழுதின ஹால்டோர் லாக்ஸ்னெஸ்ஸுக்கு 1955ல நோபல் கிடைச்சுது. பக்கத்துலயே 5 கோடி பேர் பேசற போஜ்புரிய வைங்க, நம்ம அரசியல் சட்டம் அங்கீகரிச்ச மொழிகளோட பட்டியல், அதான் எட்டாவது அட்டவணை, அதுல அதுக்கு இன்னும் இடம் இல்ல. பராகுவே போனீங்கன்னா ஸ்பானிஷ்காரங்க வரதுக்கு முந்தியே இருந்த குவாரனிய இன்னைக்கும் அந்த நாட்டுல பெரும்பாலானவங்க பேசறாங்க, 1992 அரசியல் சட்டத்துல ஸ்பானிஷோட அதுவும் ஆட்சிமொழி. மொழி பொழைக்கறதும் போறதும் பிள்ளைங்க கிட்ட யாரு பேசறாங்க, எந்த மொழி பேசினா வேலை கிடைக்குது, எதுக்கு அடி விழுதுங்கறதுல இருக்கு.

பேர்கூட தெரியாத மொழின்னு சொன்னீங்களே, சுவாரஸ்யம் எல்லாம் அங்கதான் இருக்கு. ஐரோப்பால பாஸ்க், ஹங்கேரியன், ஃபின்னிஷ் மாதிரி சிலத விட்டா கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இந்தோ ஐரோப்பிய குடும்பம், வங்காளம் வரைக்கும் அதோட சொந்தக்காரங்கதான், உலகத்துல ஏறக்குறைய பாதிப்பேர் இந்த ஒரு குடும்பத்துக்குள்ள. பப்புவா நியூ கினில சுமார் ஒரு கோடி ஜனம், 800க்கு மேல மொழி. அதுவும் ஒரே குடும்பம் இல்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே தெரியாத பல குடும்பங்கள். மனுஷங்க அங்க போய் 40,000 வருஷத்துக்கு மேல ஆச்சு, மலையும் காடும், வருஷம் முழுக்க விளைச்சல், பக்கத்து ஜனத்த ஒட்டித்தான் பொழைக்கணும்ங்கற கட்டாயம் ரொம்ப இல்ல, அந்த தேசம் முழுசையும் புடிச்சு ஆண்ட பேரரசும் நெடுங்காலம் கிடையாது. இதுக்கு நேர் எதிரா ஆஸ்ட்ரோனேசிய குடும்பம், தைவான்ல கிளம்பி படகுலயே ஹவாய், ஈஸ்டர் தீவு வரைக்கும் போச்சு, இந்தப் பக்கம் ஆப்பிரிக்கா ஓரத்துல இருக்கற மடகாஸ்கர் ஜனங்க பேசற மலகாசிக்கு நெருங்கின சொந்தம் எங்க இருக்குன்னா போர்னியோல. நடுவுல முழு இந்தியப் பெருங்கடல்! இந்த சொந்தத்த எல்லாம் ஒப்பிட்டு கண்டுபிடிக்க முடிஞ்சதே சின்ன சின்ன மொழிகளும் இருந்ததாலதான், உங்க பத்த வெச்சுக்கிட்டு இத கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. கில்கித் பக்கம் புருஷஸ்கின்னு ஒண்ணு இருக்கு, சொந்தம்னு நிரூபிச்ச மொழி உலகத்துலயே இல்ல, அது போச்சுன்னா ஒரு குடும்பமே போன கணக்கு.

கடைசியா அந்த ஒரே மொழி, சண்டை இல்லாத உலகம். அமேசான்ல கொலம்பியா பிரேசில் எல்லைல வௌபேஸ் ஆத்துப் பக்கம் இருக்கற ஜனங்கள்ல பல பேருக்கு, தன் மொழியவே பேசற குடும்பத்துல கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு முறை. அப்பாவுக்கு ஒரு மொழி, அம்மாவுக்கு இன்னொண்ணு, வீட்டுக்கு வந்த சித்திக்கு வேற ஒண்ணு, பிள்ளைங்க சாதாரணமா மூணு நாலு மொழியோட வளருதுங்க. அங்க துயூகான்னு ஒரு சின்ன மொழி, அதுல ஒரு விஷயத்த சொன்னா நீ கண்ணால பாத்தியா, வேற விதத்துல உணர்ந்தியா, தடயத்த வெச்சு ஊகிச்சியா, யாராவது சொல்லிக் கேட்டியாங்கறது வினைச்சொல்லோட விகுதியிலயே வந்தாகணும். வாட்ஸப் ஃபார்வர்ட் அனுப்பறவங்க பாடு அந்த மொழில ரொம்ப கஷ்டம்.

ஒரே மொழி பேசினவங்க கதைக்கு ருவாண்டாவ பாருங்க, ஹுட்டு, துட்சின்னு ரெண்டு இனம், ரெண்டு பேருமே கின்யருவாண்டாதான் பேசறாங்க, 1994ல அந்த மொழியிலயே ரேடியோல பேர் சொல்லி கொல்லச் சொன்னாங்க. கொரியா ஒரே மொழி, நடுவுல முள்வேலி. யுகோஸ்லாவியால செர்போ குரோவேஷியன்னு ஒரே மொழியா கத்துக் குடுத்துக்கிட்டிருந்தாங்க, 1990கள்ல வெட்டிக்கிட்டு நாடு சிதறினதுக்கு அப்புறம் அது செர்பியன், குரோவேஷியன், போஸ்னியன்னு பிரிஞ்சுது, 2007ல மான்டெநெக்ரோ தன் அரசியல் சட்டத்துல மான்டெநெக்ரின்னு நாலாவதையும் சேர்த்துச்சு. அந்த நாலு பேரையும் இன்னைக்கு ஒரு மேசைல உக்கார வெச்சா மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே திட்டிக்குவாங்க.