படகிலிருந்து பார்ஜுக்கு (தட்டையான வேலை மிதவைக்கு) ஏறும்போது லைஃப் ஜாக்கெட் மட்டும் போட்டிருந்தால் போதுமா?

போதாது. ஜாக்கெட் விழுவதைத் தடுக்காது, விழுந்தவரை மிதக்க வைக்கும். அவ்வளவுதான்.

நீங்கள் ஜெட்டி (படகுத்துறை) வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், படகை விட்டுக் காலை எடுக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கலக்கட்டும், நல்லதுதான்.

நான் பைலிங் (தண்ணீருக்கடியில் தூண் இறக்கும்) பார்ஜில் ரிக்கர், பளு தூக்கக் கயிறு கட்டும் வேலை. எங்கள் வெல்டர் ஒருவர், பழுத்த அனுபவசாலி, தோளில் கேபிள் சுருளும் கையில் பையுமாக, படகு தாழ்கிற நேரத்தில் தாண்டினார். பார்ஜ் ஓரத்தில் மோதலுக்குத் தடுப்பாகத் தொங்கும் டயரில் கால் வழுக்கி, படகுக்கும் பார்ஜுக்கும் நடுவில் விழுந்தார். எல்லோரும் "முழுகிடுவாரு" என்று கத்தினார்கள். ஜாக்கெட் காற்று நிரம்பி ஊதிவிட்டது, அந்தப் பயம் எனக்கில்லை. அடுத்த அலை படகைக் கொண்டுவந்து அவர்மேல் மோதிவிடுமோ என்றுதான் பதறினேன். படகோட்டி உடனே நியூட்ரலுக்குப் போனார். இல்லாவிட்டால் ப்ரொப்பெல்லர் வேறு. சின்னப் படகு என்பதால் கழியால் முட்டுக்கொடுத்து விலக்கி, அவரை ஏணிக்கு இழுத்தோம். விலா எலும்பில் விரிசலோடு தப்பினார்.

அலை படகை உச்சிக்குத் தூக்கும்போது ஏணியைப் பிடித்து ஏறிவிட வேண்டும். தாழும்போது ஏறினால் அடுத்த எழுச்சி காலை நசுக்கும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், சாமான் கயிற்றில் வரும். ஜாக்கெட்டின் தொடைப்பட்டையை மாட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் முகத்துக்கு மேலே ஏறிவிடும். 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) மிதவை உடுப்பு மயங்கியவரை மல்லாத்தாது; 150 நியூட்டனாவது வேண்டும்.

"காலம்பூரா ஜாக்கெட் இல்லாமலே தாண்டுறோம்" என்று கமெண்ட் போட வருகிறவர்களே, தாண்டுங்கள், நான் தடுக்கவில்லை. நடைபாலம் போட்டிருக்கிற பெரிய சைட்டுக்கும் இதைச் சொல்லவில்லை.

அமெரிக்கக் கட்டுமான விதியில் மிதவை வளையத்துக்குக் குறைந்தது 90 அடி கயிறு, வளையங்களுக்கு இடையே 200 அடிக்கு மேல் போகக்கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மீட்புப் படகு என்று இருக்கிறது. எங்கள் பார்ஜில் வளையம் இருந்தது. கயிற்றை யாரோ வெட்டித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். விபத்து அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, "தொழிலாளியின் கவனக்குறைவு" மட்டும் இருந்தது.

இதில் ஒவ்வொரு காண்டிராக்டர் மாறும்போதும் அதே பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை நம் கைக்காசில் புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள். பழையது காலாவதிகூட ஆகியிருக்காது. கேட்டால் "எங்க ஃபார்மேட் வேற" என்கிறார்கள்.