பல்கலைக்கழக வேலை, பதவி உயர்வு: எல்லையோர வாசகர் கேள்விகள்

தமிழ்நாட்டு செட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வு) தேறியிருக்கிறேன். பாலக்காட்டுப் பக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

முடியாது. 2002 ஜூன் 1-க்குப் பிறகு தேறிய செட், நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். கேரளத்தில் நடக்கும் செட் தேர்வைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஹயர் செகண்டரி ஆசிரியர்களுக்கு. நாடு முழுதும் செல்லும் நெட் தேர்வை எழுதுங்கள்.

நெட் இருக்கிறது, பிஎச்.டி. இல்லை. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்குப் போடலாமா?
(வாசகர், குப்பம்)

போடலாம். பிஎச்.டி. கட்டாயம் என்ற நிபந்தனையை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2023-இல் விலக்கிக்கொண்டது. ஆனால் நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும் மதிப்பெண் பட்டியலில் பிஎச்.டி.க்கு 30, நெட்டுக்கு 5. கணக்கு உங்களுக்கே புரியும்.

சார், எனக்கு லெவல் 11 (உதவிப் பேராசிரியரின் அடுத்த ஊதிய நிலை) எப்போது கிடைக்கும்?
(வாசகர், நகரி)

எப்போது சேர்ந்தீர்கள், பிஎச்.டி. உண்டா, எதையும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6. ஓரியன்டேஷன் என்ற ஆசிரியர் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

ஒன்பது வருடம் கெஸ்ட் லெக்சரர். நிரந்தரமானதும் அந்த சர்வீஸ் பதவி உயர்வில் சேருமா?
(வாசகி, சித்தூர், பாலக்காடு)

இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி தற்காலிகப் பணியைச் சேர்க்க வழி உண்டு. கல்வித் தகுதி குறையக்கூடாது, முறையான தேர்வுக் குழு எடுத்திருக்க வேண்டும், மாத ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. மாட்டிக்கொள்வது இந்தக் கடைசியில்தான். நிரந்தரமானவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மட்டுமே 57,700, அகவிலைப்படி தனி. கெஸ்டுக்கு அதே யு.ஜி.சி. 2019-இல் வைத்த உச்சவரம்பு, வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000. அதாவது உச்சவரம்பையே முழுதாக வாங்கினாலும் கணக்கில் வராது! ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் தாழ்ப்பாள் போடுகிறார்கள். இதைக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் சான்றிதழ் நகலைப் பார்த்தேன். "கெஸ்ட் லெக்சரராகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று." அவ்வளவுதான். நியமன ஆணை எண், ஊதியம், தேர்வுக் குழு, ஏப்ரல் மே விடுமுறை இடைவெளி எதுவும் இல்லை. இதை வைத்து எந்த அலுவலகமும் கோப்பை நகர்த்தாது. ஒவ்வொரு வருட ஆணையின் நகலையும் சம்பளச் சீட்டையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். கல்லூரி முதல்வர் மாறினால் கோப்பும் காணாமல் போகும். நேர்காணல் பட்டியலில் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 மதிப்பெண். ஐந்து வருடமும் ஒன்பது வருடமும் அங்கே ஒன்றுதான்.

விடுப்பு எடுத்து பிஎச்.டி. முடித்தேன். அந்த மூன்று வருடம் அனுபவமாகுமா?
(வாசகர், புத்தூர்)

ஆகாது. விடுப்பே எடுக்காமல் வகுப்பு நடத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்தவர்களுக்குத்தான் அது.

இணைப் பேராசிரியர் பதவிக்கு 7 கட்டுரை வேண்டுமாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறார்களே?
(பெயர் வேண்டாம், செங்கோட்டை எல்லை)

பெயரைப் போடாமல் விட்டதே நல்லது. கட்டுரை, நூல் போன்றவற்றுக்குத் தரும் ஆய்வு மதிப்பெண் 75-உம் வேண்டும், எட்டு வருட அனுபவமும் வேண்டும். ஒரு வாரக் கட்டுரையைத் தேர்வுக் குழு முன்னால் வைத்தால், கேள்வி உங்களிடம்தான் வரும், பணம் வாங்கியவரிடம் அல்ல.