50 கிலோமீட்டர் தாண்டினால் சைக்கிள் இருக்கையில் உட்கார முடியவில்லை; ஜெல் உறை போட்டால் சரியாகுமா?

உறை வாங்கும் முன் இருக்கையின் உயரம், சாய்வு, முன்பின் நிலை மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடையில் பொருத்திக் கொடுத்த நிலையிலேயே நீங்கள் ஓட்டி வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு சைக்கிள் விற்ற கடையில், உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களும் தரையில் பதிகின்றனவா என்று மட்டுமே பார்த்தார்கள். அவ்வளவு தாழ்வாக வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போதுகூட முழங்கால் அதிகமாக மடிந்தே இருக்கும். போதாக்குறைக்கு இருக்கையின் மூக்கு மேல்நோக்கி இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் புறப்பட்டபோது, மாமல்லபுரம் தாண்டியதும் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிற்று. கல்பாக்கம் அருகே இறங்கியபோது முழங்காலின் முன்புறமும் வலித்தது. கடையில் சொன்னதற்கு, "ஓட்ட ஓட்டப் பழகிவிடும் சார்" என்று ஒரு ஜெல் உறையை விற்றார்கள். அதைப் போட்டபின் மரத்துப்போவது கூடியது. உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் இரு கீழ்முனைகள். மெத்தை மிக மென்மையாக இருந்தால் அவை புதைந்துபோக, நடுப்பகுதி மேலெழுந்து, நரம்பும் இரத்தக் குழாய்களும் செல்லும் இடத்தை அழுத்துகிறது. நரம்பு நசுங்குவதைப் பழகிக்கொள்ளச் சொல்வதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

நெடுந்தூரம் ஓட்டிப் பழகிய நண்பர் ஒருவர்தான் இருக்கையைச் சரிசெய்து தந்தார். சுவரோரம் என்னை உட்காரவைத்து, குதிகால் பெடலில் இருக்க, பெடல் அடிநிலைக்கு வரும்போது கால் நேராகும்வரை உயர்த்தினார். அதன்பின் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கும். மிதிக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடினாலோ முழங்காலின் பின்புறம் வலித்தாலோ உயரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். இருக்கையைத் தாங்கும் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியுமளவுக்கு எக்காரணம் கொண்டும் உயர்த்தாதீர்கள்.

சாய்வுக்கு, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டமே போதும். மட்டமாக வைத்துத் தொடங்குங்கள். மூக்கு ஓரிரு பாகை தாழ்ந்திருந்தாலும் நல்லதே. அதற்கு மேல் தாழ்த்தினால் உடல் முன்னே சரிந்து, பாரம் உள்ளங்கைகளுக்குப் போய், விரல்கள் மரக்கும்.

கடைசியில் முன்பின் நிலை. உயர்த்தும்போது சாய்வான தண்டோடு இருக்கை சற்றுப் பின்னேயும் நகர்ந்துவிடுவதால் இதை முதலில் பார்ப்பதில் பயனில்லை. பெடல்கள் கிடைமட்டமாக இருக்கும்போது முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பெடல் அச்சை ஒட்டி விழ வேண்டும். இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று இங்கேயே சிலர் வாதிடலாம். உடலுக்கு உடல் மாறும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும்? அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாமல் மாற்றி, ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எலும்பு வலித்தால் இருக்கையின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். மரத்துப்போவது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சரியான உயரம் கிடைத்ததும் தண்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள். சர்வீசுக்கு விட்டால் ஓட்டிப் பார்ப்பவர் தம் வசதிக்கு இறக்கிவிட்டு, அப்படியே திருப்பித் தருவது எனக்கு வழக்கமாகவே நடக்கிறது.