பதினோராம் மணிக்கு வந்தவர்கள்

கேள்வி: கடைசி நிமிஷத்தில் காரியம் நடந்தால் ஆங்கிலத்தில் 'லெவன்த் அவர்' என்கிறார்களே, பதினோரு மணிக்கு அப்படி என்ன விசேஷம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'சும்மா' என்று போட்டீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. சும்மா இருப்பதைத் தவமாகப் பாடியவர்கள் நம்மவர்கள். "சும்மா வந்தேன்" என்று ஆபீசுக்குள் நுழைந்து, இரண்டு காபி குடித்து, கிளம்பும்போது பையிலிருந்து நாற்பது பக்கக் கதையை உருவுகிறவர்களும் நம்மவர்கள்தான்.

சரி, பதினோரு மணி. அது ராத்திரிப் பதினொன்று அல்ல, சாயங்காலம் ஐந்து. மத்தேயு சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற கதை. உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலைப் பன்னிரண்டாகப் பிரித்த காலம் அது. (அதில் பதினோராம் மணி என்பது நம் கணக்கில் இருபத்தேழரை நாழிகை.) திராட்சத்தோட்டத்து எஜமான் ஒருவர், நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி, விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று திரும்பத் திரும்பக் கடைத்தெருவுக்குப் போகிறார். பதினோராம் மணிக்கும் சிலர் அங்கே நிற்கிறார்கள். பகல் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தமிழ் பைபிளிலும் அங்கே 'சும்மா'தான்! யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் அவர்கள்.

பாவம், வேலை கிடைக்காமல் நாளெல்லாம் நின்றவர்கள். அவர்கள் நேரத்தைத்தான் வேலையைத் தள்ளிப்போடுகிறவன் தலையில் கிரீடமாக வைத்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். நம் செய்தித்தாள்களோ 'பதினோராவது மணி நேரத்தில் உடன்பாடு' என்று அதை அப்படியே இறக்குமதி செய்கின்றன. 'கடைசி நேரத்தில்' என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா? இருபது வருஷமாகக் கத்துகிறேன்.

அப்புறம் கூலி. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் பட்டுவாடா, அதுவும் முழுப் பணம். நம் ஊர்க் கடைசிப் பந்திக்காரர்கள் இதைக் கேட்டால் அழுதுவிடுவார்கள்; பாயசத்தில் முந்திரியைப் பார்த்தவர்களா அவர்கள்! வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். 'கடைசியில் வந்த இவனுக்கும்' என்று எஜமான் சொன்ன பதிலைத் தலைப்பாக்கித்தான் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860-இல் 'கார்ன்ஹில்' பத்திரிகையில் கட்டுரைத் தொடர் எழுதினார். எதிர்ப்பு தாங்காமல் பத்திரிகை ஆசிரியர் தாக்கரே நான்கு கட்டுரையோடு நிறுத்தினார். (அவர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது.) அது புத்தகமாகி, 1904-இல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் போகிற ரயிலில் காந்தியைத் தூங்கவிடாமல் செய்தது. டர்பன் பக்கத்தில் ஃபீனிக்ஸில் நிலம் வாங்கி, தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகத்தையே அங்கே கொண்டுபோனார். நிற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் மாதம் 3 பவுன் என்று திட்டம் போட்டார்.

இதைப் படித்துவிட்டு, தீபாவளி மலருக்கு அஸ்தமன வேளையில் கதை அனுப்புகிற நண்பர்கள் தங்களுக்கும் சம சன்மானம் கேட்பார்கள். தாராளமாக. முதலில் அனுப்பியவர்களுக்கே இன்னும் கொடுக்கவில்லை.