மவுண்டன் பைக் வழிகாட்டியாகப் பிழைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். சென்னையில் மென்பொருள் வேலை. மூன்று ஆண்டுகளாக மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான தடத்துக்கான சைக்கிள், ஓட்டுகிறேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகலாம் என்று நினைக்கிறேன். இதில் பிழைக்க முடியுமா? என்ன சிரமங்கள் வரும்?

பதில்: இப்போதே வேலையை விடாதீர்கள். ஒரு மார்கழி முதல் மாசி வரை, விடுமுறை நாள்களில் மட்டும் இந்த வேலையைச் செய்து பாருங்கள். நான் பதினான்கு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன்; இன்றும் விடியற்காலையில் டயரில் காற்றுப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனாலும், சைக்கிள் ஓட்டப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் சைக்கிளில் ஆள் அழைத்துச் செல்வது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

வழிகாட்டிக்குத் தன் வேகம் என்று ஒன்று கிடையாது. எட்டுப் பேர் வந்தால், அவர்களில் யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவருடைய வேகம்தான் அன்றைய வேகம். முன்னால் ஒருவர் வழி காட்ட, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் வர வேண்டும். அப்படிப் பின்னால் வருபவரின் வேலையே கடினமானது, ஏனென்றால் களைத்தவர், பயந்தவர், பஞ்சரானவர் எல்லோரும் அவரிடம்தான் வந்து சேர்வார்கள். நீங்கள் ஆசைப்பட்டு ஓட்டும் இறக்கத்தில்கூட, நின்று திரும்பிப் பார்த்து ஆள் எண்ணிக்கொண்டே இருப்பீர்கள்.

இந்த வேலையின் சந்தோஷமும் அந்தக் கடைசி ஆளிடம்தான் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, களக்காடு பக்கத்தில் ஒரு சிறிய பொத்தையின் (பாறைக்குன்றின்) சரிவில் நின்றுவிட்டார். இரண்டு பிரேக்குகளையும் நான்கு நான்கு விரல்களால் அழுத்திப் பிடித்திருந்ததில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவரை இறங்கச் சொல்லவில்லை. ஒரு விரல் மட்டும் பிரேக்கில் இருக்கட்டும், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இடுப்பைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோங்கள், சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்று சொல்லி, சரிவின் முதல் பத்தடிக்குள் அதை ஏழெட்டு முறை செய்ய வைத்தேன். பிறகு முழுச் சரிவையும் அவரே இறங்கினார். கீழே போய்ச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, “தம்பி, இன்னொரு தடவை ஏறுவோமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக நான் எத்தனை பஞ்சர் வேண்டுமானாலும் ஒட்டுவேன்.

மலை என்றதும் உங்கள் மனம் பாபநாசத்துக்கும் மாஞ்சோலைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் 1988-இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி உள்ளே கால் வைக்கக் கூடாது, காட்டுத்தடத்தில் சைக்கிள் இறக்குவதை நினைக்கவே கூடாது. அனுமதியில்லாத தடத்தில் ஆள் அழைத்துப் போகும் வழிகாட்டியை வழிகாட்டி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நமக்குரிய இடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி முதல் பத்தமடை வரை கன்னடியன் கால்வாயை ஒட்டிய கரைகள், குளத்துக் கரைகள், வண்டித்தடங்கள், பொத்தைகள், தெற்கே போனால் திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரி, அதாவது மணல்மேடு. இவை பட்டா நிலங்களையும் ஊர்ப் பொதுவையும் தொட்டுச் செல்வதால், முன்கூட்டியே போய் விவசாயிகளிடம் பேசி வைக்க வேண்டும். பிசானப் பருவ நெல்நாற்று நட்டிருக்கும்போது வரப்பில் சக்கரம் ஏறவே கூடாது. ஒரு பெரியவர் என்னிடம், “ஏ அய்யா, கரையில போங்க, வேண்டாம்னு சொல்லல. மடையை மட்டும் மிதிச்சிராதீங்க” என்றார். அன்று முதல் மடை வந்தால் எங்கள் குழு இறங்கித் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறது.

கரையை மனப்பாடமாகத் தெரியும் என்றும் இருந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பின் நான் கண்ணை மூடிக்கொண்டு போகும் கரையொன்றில் ஆள் மட்டத்துக்கு உடைப்பு இருந்தது. முந்தைய நாள் தனியாகப் போய்ப் பார்க்காமல் நான் யாரையும் அழைத்துச் செல்வதில்லை. அந்த முந்தைய நாளுக்கு யாரும் கூலி தருவதும் இல்லை.

நம் பக்கத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி முள். உடைமரமும் சீமைக்கருவேலமும் இல்லாத தடம் அரிது. ட்யூப் இல்லாத டயரில் அடைப்பான் திரவம் ஊற்றி ஓட்டினால் சிறிய துளைகள் தாமே அடைபடும். ஆனால் நம் வெயிலில் அந்தத் திரவம் சில மாதங்களிலேயே காய்ந்துவிடும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். ட்யூப் உள்ள டயரென்றால், ட்யூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்று மெல்லத் துடைத்துப் பாருங்கள். வெளியே தெரியாத முள்முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்காருவீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் சில வகைக்கு டாட் (DOT) என்ற பிரேக் திரவம், சில வகைக்கு மினரல் எண்ணெய். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் கெட்டு, சரிவில் பிரேக் கைவிட்டுவிடும். இந்த வேலைகளை ஆள் வைத்துச் செய்யலாம் என்று எண்ண வேண்டாம், நடுக்கரையில் மெக்கானிக் கிடைக்க மாட்டார்.

முதலுதவிப் பயிற்சி பெறாமல் ஒருவரைக்கூட அழைத்துச் செல்லாதீர்கள். கீழே விழுவோர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறியலாம். வெயில் தாக்கினால் பேச்சுக் குழறும். அப்போது ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் எந்த இடம் வரை ஆம்புலன்ஸ் வரும் என்பதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல பருவம் குறுகியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, பங்குனியிலிருந்து வெயில், ஆனி, ஆடியில் பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்று சைக்கிளையே தள்ளிவிடும். மணாலியிலிருந்து லே செல்லும் வழி ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சைக்கிளுக்கு ஏற்றது என்பதால், நமக்கு வேலை இல்லாத அந்த மாதங்களில் அங்கே போய் உதவி வழிகாட்டியாக இருக்கலாம். நானும் போயிருக்கிறேன். மற்ற மாதங்களுக்குச் சைக்கிள் பழுதுபார்ப்பு கைகொடுக்கும். சனி, ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு வேலை நாள். வீட்டில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். ஒரு சுற்றுலா நிறுவனம் பன்னிரண்டு பேர் என்று சொல்லி, நான் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்த பின் முதல் நாள் இரவு ரத்து செய்தது. அந்த வாடகையை என் கையிலிருந்துதான் கட்டினேன். உங்கள் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கல்லிடைக்குறிச்சியிலிருந்து பத்தமடை வரை கால்வாய்க் கரையில் தனியாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மறுநாள், சைக்கிளை விட்டுப் பல ஆண்டுகளான உறவினர் ஒருவரை அதே தடத்தில் அழைத்துப் போங்கள். அவர் எங்கே நின்றாலும் நீங்களும் நில்லுங்கள். பத்தமடை போய்ச் சேரும்போது நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று எனக்கு எழுதுங்கள். அதன்பின் வேலையை விடுவது பற்றிப் பேசுவோம்.