கடற்கரைப் பக்கம் குடிபோகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கரையோரக் கட்டுமானமும் வெள்ள ஆய்வும் என் தொழில். குடும்பத்தோடு கடற்கரைப் பகுதிக்கு மாறுகிறவர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர், உப்பு, மணல், அலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். வீட்டுக்கடன், பள்ளிக்கூடம், சந்தை நிலவரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள், அவை எனக்குத் தெரிந்த விஷயமில்லை.

மேடம், இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார், நாங்கள் இருவர். கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வீடு பார்த்தால் பாதுகாப்பு?

எத்தனை மீட்டர் தள்ளி என்று கேட்காதீர்கள், எத்தனை மீட்டர் மேலே என்று கேளுங்கள். கடலிலிருந்து 100 மீட்டரில் மணல்மேட்டின் மேல் இருக்கிற வீடு தப்பிவிடலாம். ஒரு கிலோமீட்டர் உள்ளே, தூர்த்த உப்பங்கழியில் மனை போட்ட தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கலாம். கடல் முன்வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்து எல்லோரும் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல ஊர்களில் அது பின்வாசல் வழியாகத்தான் வருகிறது. முகத்துவாரத்தில் நுழைந்து, கழியில் ஏறி, மழைநீர் வடிகாலின் வாய் வழியாகத் தெருவுக்குள் வந்துவிடும்.

புயல் நேரத்தில் காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. கரையை ஒட்டிய கடல் ஆழமில்லாமல் வெகுதூரம் பரந்திருந்தால் நீர் இன்னும் உயரமாகக் குவியும். அந்த நேரம் பார்த்து ஓதமும் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறியிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இதில் தூரம் கொஞ்சம் உதவும். தரைமட்டம்தான் நிறைய உதவும்.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சின்னக் குடியிருப்பு. 1933 சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டக்கூடாது என்று செதுக்கி வைத்தார்கள். ஊரும் அதை மதித்தது. 2011 சுனாமி அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டது. கடலிலிருந்து இத்தனை தூரம் என்று அந்தக் கல்லில் ஒன்றும் எழுதவில்லை, கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உச்சத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி இருக்கும், ஆகவே ஒரே நாளில் இரண்டு வாய்ப்பு. வடிகாலில் தண்ணீர் கடலை நோக்கிப் போகிறதா, உள்ளே வருகிறதா? மழையே இல்லாத நாளில் வடிகால் ததும்பி நின்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், வேறு தெருவுக்குப் போங்கள். மதில்சுவர்களில் ஒரே உயரத்தில் கறை ஓடுகிறதா என்று பாருங்கள். ஊரின் பழைய வீடுகள் எங்கே கூடியிருக்கின்றன என்றும் பாருங்கள். முதலில் வந்தவர்கள் மேட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், புது மனைகளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் பள்ளம்தான்.

அக்கா, போனில் பார்த்தேன், எங்கள் மனை 6 மீட்டர் உயரம் என்று காட்டுகிறது. போதுமா?

போன் காட்டும் உயரத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். ஜிபிஎஸ்ஸில் உயரத்துக்கான பிழை, இடத்துக்கான பிழையைவிட அதிகம். பல மீட்டர் மாறலாம். சில செயலிகள் கடல்மட்டத்திலிருந்து அளக்காமல் பூமிக்குக் கணக்கில் வகுத்த ஒரு வழவழப்பான உருண்டையிலிருந்து அளந்த எண்ணை அப்படியே காட்டும், அதற்கும் கடலுக்கும் பல மீட்டர் வித்தியாசம் வரும். செயற்கைக்கோள் உயர வரைபடங்களில் சில, கட்டடத்தின் மொட்டைமாடியையும் மரத்தின் உச்சியையும் தரை என்று எண்ணிக்கொள்கின்றன. ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு, அருகிலுள்ள அரசு மட்டக்கல்லிலிருந்து (உயரம் அளந்து குறித்து வைத்த கல்) மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

அந்தப் பகுதியில் நல்ல பள்ளிக்கூடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பத்தியைப் பாருங்கள்.

போர்வெல் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறார் வீட்டுக்காரர். குடித்தும் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது.

இன்றைக்கு இனிப்பாக இருக்கிறது, சரி. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது கைபென்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதைத் திருப்பிப் படியுங்கள். தெருவே சேர்ந்து மோட்டார் போட்டு மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழே இருக்கிற உப்பு காலப்போக்கில் 40 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. குடிநீரில் 1,000 தாண்டினாலே வாயில் வைக்கப் பிடிக்காது. நூற்றில் மூன்று பங்கு கடல்நீர் கலந்தால் கிணறு போயிற்று. திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் வீட்டுக்காரரிடம் கேட்காமல், கோடையின் கடைசியில் போய்ப் பக்கத்து வீடுகளில் கேளுங்கள். புது போர் போட்டவர்கள் பழையதை விட ஆழமாகப் போயிருக்கிறார்களா, ஆழத்தைக் குறைத்திருக்கிறார்களா? குறைத்திருந்தால் கீழே உப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடலிலிருந்து 300 மீட்டர். ஓகேவா?

மேலே சொல்லிவிட்டேன். மட்டம் என்ன?

ஐந்து வருடம் ஆன அபார்ட்மென்ட். பால்கனி கைப்பிடி முழுக்கத் துரு. எதிர் வீட்டுக்காரர் 'கடல் பக்கம் என்றால் அப்படித்தான்' என்கிறார்.

கைப்பிடி துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாத கம்பியைப் பற்றி. அலை உடையும்போது உப்புத் துகள் காற்றில் ஏறுகிறது. அதில் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். (இங்கே மட்டும் தூரம் நிஜமாகவே முக்கியம், தூரத்தைக் கேட்டவர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.) காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். ஆகவே மழை இல்லாத இரவிலும் இரும்பு நனைந்தேதான் இருக்கும்.

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே ஊறிப்போய் அதை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். பால்கனியின் அடிப்பகுதி, சன்ஷேடின் அடிப்பகுதி, தூண்களின் மூலை, இவற்றில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் இருக்கிறதா பாருங்கள். தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே பிரிந்துவிட்டது. புதிதாகப் பூசி வண்ணம் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். கழுவாத கடல்மணலில் கட்டிய வீடு என்றால் வெளியிலிருந்து உப்பு வரத் தேவையே இல்லை, கட்டும்போதே உள்ளே போட்டாயிற்று.

சின்ன விஷயங்கள்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 ரகம் வேண்டாம், 316 ரகம் வாங்குங்கள். அதில் உப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டைக் கடற்காற்று நேராக அடிக்காத பக்கம் வையுங்கள்.

கடற்கரை நெடுகப் பெரிய கல் சுவர் போட்டிருக்கிறார்கள். விற்பவர் 'இனிக் கடல் ஒன்றும் செய்யாது' என்கிறார்.

சுவர் தனக்குப் பின்னால் இருக்கிற நிலத்தைப் பிடித்து வைக்கும். முன்னால் இருக்கிற மணலைப் பிடித்து வைக்காது. அரிக்கிற கரையில் சுவர் கட்டினால், மணல் நாளாவட்டத்தில் போய்விடும், அலை நேராகச் சுவரில் வந்து மோதும். சுவர் முடிகிற இடத்தை ஒட்டி அரிப்பு இன்னும் மோசமாகும். நீங்கள் பார்க்கிற வீடு சுவரின் முனைக்கு அந்தப் பக்கம் என்றால் வேண்டவே வேண்டாம்.

நானும் சிவில் இன்ஜினியர்தான், மேடம். சும்மா பயமுறுத்தாதீர்கள். சுவரால் பிழைத்த ஊர் எத்தனையோ. கால்வெஸ்டனைப் பாருங்கள்.

நல்ல உதாரணம், பார்க்கலாம். 1900 புயலில் அந்த அமெரிக்க ஊரில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுவர் கட்டினார்கள், உண்மை. கூடவே இன்னொன்றும் செய்தார்கள், அதை நீங்கள் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல்மணலைக் குழாய் மூலம் இறைத்து, ஊரின் தரையையே உயர்த்தினார்கள். 1915இல் அடுத்த பெரும்புயல் வந்தபோது ஊர் தாங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை போய்விட்டதால் பின்னாளில் மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது.

அப்படியென்றால் நெதர்லாந்து? நாட்டில் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே. நிம்மதியாகத்தானே இருக்கிறார்கள்?

1953 வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் இறந்த பிறகு வந்த நிம்மதி அது. எந்தத் தடுப்பு எவ்வளவு தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் ஒதுக்குகிறார்கள். அவர்களும் சுவரை மட்டும் நம்பவில்லை, ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி கனமீட்டர் மணலைக் கரையில் சேர்க்கிறார்கள். உங்கள் தெருக் கல் சுவரைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்?

எல்லாச் சுவரும் மோசம் என்பது போலப் பேசுகிறீர்கள்.

இல்லை. சுவர் இருக்கிறது என்பதற்காகத் தாழ்ந்த தெருவில் வீடு வாங்குவது மோசம் என்கிறேன். ஜப்பானில் டாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் இருந்தது. 2011இல் அலை அதைத் தாண்டிவிட்டது. எந்தச் சுவருக்கும் ஒரு வடிவமைப்பு உயரம் உண்டு, அது தெரியாமல் நீங்களும் நானும் இதைப் பேசிப் பயனில்லை.

அக்கா, சுவர்ப் பஞ்சாயத்தை விட்டுவிட்டு எங்களுக்கும் பதில் சொல்லுங்கள். நாங்கள் 8ஆவது மாடி. எங்களுக்கு மட்டம் பிரச்சினை இல்லையே?

சோபா நனையாது, சரி. மின்சாரப் பலகை, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் குழி எல்லாம் எந்தத் தளத்தில் இருக்கின்றன? தரைக்குக் கீழ்த் தளத்தில் என்றால் வெள்ளத்தன்று மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, மேலே தண்ணீரும் ஏறாது. வயதானவர்களை வைத்துக்கொண்டு 8ஆவது மாடியில் அப்படிச் சில நாள் இருந்து பாருங்கள். மின்சாரப் பலகையும் ஜெனரேட்டரும் முதல் தளத்துக்கு மேல் இருக்கிற கட்டடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கடற்காற்று என் மகனின் ஆஸ்துமாவுக்கு நல்லதா?

டாக்டரைக் கேளுங்கள்.

1.2 கிலோமீட்டர் உள்ளே. பக்கத்தில் கழி எதுவும் இல்லை. இப்போதாவது சொல்லுங்கள்.

கழி இல்லை என்பது நல்ல செய்தி. மட்டம் எடுத்தீர்களா?

கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்களே, நம் காலத்தில் அது தெரியுமா?

1901 முதல் 2018 வரை உலகச் சராசரி 20 சென்டிமீட்டர். 2006 முதல் 2018 வரையான கணக்கில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஒரு நாளில் தெரியாது. முன்பு பெரும்புயலில் மட்டும் நனைந்த தெரு, பிறகு சாதாரணப் பௌர்ணமி ஓதத்திலேயே நனையும், அப்படித்தான் தெரியவரும். நிலத்தடி நீரை உறிஞ்சித் தரையே அமுங்குகிற ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

பிள்ளைகள் தினமும் கடலில் விளையாடலாம் என்றுதான் போகிறோம். எந்த மாதிரிக் கடற்கரை நல்லது?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரை நல்லது, அப்படி இல்லையென்றால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலைகள் வரிசையாக உடையும் இடத்தில் நடுவே ஓர் இடைவெளி மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும். குழந்தையை இறக்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வழி அது. அங்கே இழுப்பு விநாடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகலாம், ஒலிம்பிக் நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக்கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்த வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். பிள்ளைகளுக்கு இதைத் தரையில் வைத்தே சொல்லிக்கொடுங்கள். மணலில் ஆழமாகக் குழி தோண்டி உள்ளே இறங்கி விளையாட விடாதீர்கள், சரிந்து மூடிக்கொள்ளும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வடிகால் வாய்ப் பக்கம் போகவே வேண்டாம், சாக்கடையும் சேர்ந்து வந்திருக்கும்.

வாடகைக்குப் போகலாமா, நேராக வாங்கிவிடலாமா?

வாடகைக்கு. வாங்க நினைக்கிற அதே தெருவில், ஒரு புயல்பருவம் முடியும்வரை. உல்லாசப் பயணிகள் வரும் பகுதியென்றால் சீசன் இல்லாத மாதங்களில் மருந்துக்கடை திறந்திருக்கிறதா, சீசனில் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். வெளியேற ஒரே ஒரு பாலம்தான் என்றால் அது எவ்வளவு மழையில் மூடப்படுகிறது என்றும் தெரியும். வாங்கும்போது காப்பீட்டுப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். பல பத்திரங்களில் புயல்காற்றுச் சேதம் வேறு, வெள்ளச் சேதம் வேறு. அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்று எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. கடல்நீர் உள்ளே வந்தால் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முகவர் வாயால் சொல்வது செல்லாது.